'கழிவு' என்பதை 'மீந்த' என்று படிக்கவும்

அக்டோபர் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். உன் நலம் உன் கடிதம் வந்தால்தான் தெரியும். அது வருவதற்குள் ஒரு பருவமே மாறிவிடுகிறது.

உங்கள் அலுவலகம் போட்ட திட்டம் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. காகித ஆலை வாசலிலிருந்து கடைசி வீடு வரை பள்ளம் தோண்டி இரட்டைக் குழாய் புதைத்துவிட்டார்கள். ஒன்றில் சுடுதண்ணீர் வருமாம், ஆறினது மற்றதில் திரும்பிப் போகுமாம். இதுவரை ஆலைக்காரர்கள் கரியை எரித்து மின்சாரம் எடுத்தபின் மிச்சச் சூட்டைக் குளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இனி அது எங்கள் சுவரோரம் ஓடும். சேருகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஆலைக்கு அரசாங்க ஊக்கத்தொகை உண்டென்று மேலாளர் வாயெல்லாம் பல்லாக இருக்கிறார்.

ஒரே நிபந்தனை, கரி அடுப்பைக் கொடுத்துவிட வேண்டும். வண்டி வைத்து எடுத்துப் போனார்கள். புகைபோக்கியைச் செங்கல்லால் அடைத்து, மேலே பூசி, முத்திரையும் குத்திவிட்டார்கள். உன் அத்தான் அடுப்பு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "பல்லு புடுங்கின இடத்துக்கு நாக்கு போற மாதிரி கண்ணு அங்கயே போகுது" என்கிறார்.

ஆலைத் தூசி தின்றுவிட்ட நுரையீரல் அவருடையது. மருத்துவர் போன வாரமும் அதையேதான் சொன்னார்: மருந்து பாதி, சூடான அறை பாதி. போன குளிர்காலத்தை எப்படித் தாண்டினோம் என்று எனக்குத்தான் தெரியும். இந்த வருடம் உன் குழாயைத்தான் நம்பியிருக்கிறேன். எதிர்வீட்டுத் தையல்காரியும் அப்படித்தான். அவளுக்கு இது எட்டாம் மாதம், புருஷன் கப்பலில்.

ஆலைக்குத் தொலைபேசி செய்யாதே. அங்கே தொலைபேசி இணைப்புப் பலகையில் உட்காருகிற நானே சொந்தக் கதை பேசினால் மேலாளருக்கு வேப்பங்காய். கடிதமே போடு.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

அரைப்புள்ளி, உன் குழாய் சுடவில்லை என்றால் நேரே உன் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வேன். கட்டிலைத் தட்டிப் போட்டு வை. — அத்தான்


அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் நலம். அரசாங்கக் குடியிருப்பில் எனக்கென்று ஒரு ஜன்னலும் கிடைத்திருக்கிறது. அத்தான் உடம்பைப் பற்றி நாலு வரி கூடுதலாக எழுது.

கட்டுரை ஏட்டில் முற்றுப்புள்ளி வைக்கப் பயந்து எல்லா இடத்திலும் அரைப்புள்ளி வைத்தவன் என்று என்னைக் கேலி செய்த அத்தானுக்கு ஒரு செய்தி. கூட்டு வெப்ப மின் உற்பத்தி ஊக்கக் கொள்கையின் வரைவு முழுவதும் என் கை எழுதியது. ஒரே நெருப்பில் மின்சாரமும் எடுக்கலாம், வீட்டையும் சூடாக்கலாம் என்பதைச் சட்டமாகச் சொல்ல வேண்டும். குழுவில் எல்லோரும் "வேஸ்ட் ஹீட்", "வேஸ்ட் ஹீட்" என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு என்ன எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் 'கழிவு வெப்பம்' என்று போட்டேன். செயலாளர் படித்துவிட்டு, "நறுக்குன்னு இருக்குப்பா. யாரு இது?" என்று கேட்டார். மறுநாள் மேடையிலும் அதையே சொன்னார். அரசிதழில் அச்சாகிவிட்டது. அந்தத் தாள் உங்கள் ஆலைத் தாளாகத்தான் இருக்கும்.

அடுத்த ஏப்ரலில் வேலை நிரந்தரமாகும் என்கிறார்கள். அத்தான் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து பரீட்சைக்குப் போனவன் இத்தனை தூரம் வந்திருக்கிறேன்.

உன் தம்பி


நவம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமாகவும் கதகதப்பாகவும் இருக்கிறோம். குளிருக்கு உனக்கும் இருமல் வந்தால் எழுது, மருந்து வாங்கி அனுப்புகிறேன்.

குழாய் திறந்து ஒரு வாரம் ஆகிறது. முதல் நாள் சுவருக்குள் டொக் டொக் என்று தட்டியது. உன் அத்தான், "யாருன்னு பாரு" என்று என்னை வாசலுக்கு அனுப்பினார். இப்போது முதுகைக் குழாய்ப் பக்கம் கொடுத்துப் படுத்தால் விடியும் வரை இருமல் இல்லை. பல வருடங்களுக்குப் பிறகு நானும் தூங்குகிறேன் தம்பி. நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் உன் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தெருவில் கழிவு என்றால் மூக்கைப் பொத்துவார்கள். உன் அத்தான் கேட்கிறார், கழிவென்றால் கடைக்காரன் விலையில் தள்ளுகிற கழிவா, சாக்கடையில் தள்ளுகிற கழிவா என்று. மதியம் மீந்த சோற்றை நாம் கழிவு என்றா சொல்கிறோம்? மீந்தது என்போம், சாயங்காலம் சாப்பிடுவோம். மீந்ததைக் கழிவு என்பது வயிறு நிறைந்தவன் பேச்சு. நீ வயிறு நிறைந்தவனாகிவிட்டாய் என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

தையல்காரிக்குப் பெண் குழந்தை. மாதம் முடியுமுன் பிறந்து, ஒரு கைப்பிடிதான் இருக்கிறது. குழாய்மேல் துணி விரித்து அதன் பக்கத்தில் கிடத்துகிறாள்.

அக்கா

சூடு சரியாக இருக்கிறது, அரைப்புள்ளி. உன் வீட்டுக்கு வரவில்லை. — அத்தான்


நவம்பர் 25

தம்பிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. நீ நன்றாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

நகர சுகாதார அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்தார். கையில் உன் அரசிதழ். மற்றொரு கையில் ஏதோ பழைய விதிப் புத்தகம். குடியிருப்புக்குள் எந்தக் கழிவையும் குழாய் வழியே கொண்டுவரக் கூடாது என்று அதில் இருக்கிறதாம். ஆலை வாசலில் வால்வைத் திருகி மூடி, கம்பி கட்டி, ஈயத்தில் முத்திரை போட்டுவிட்டார்.

நான் இணைப்புப் பலகையை விட்டு ஓடினேன். "ஐயா, இது வெறும் சுடுதண்ணி. தொட்டுப் பாருங்க" என்றேன்.

"எனக்கும் தெரியும்மா. ஆனா சட்டத்துல கழிவுன்னு போட்டிருக்கே. நானா எழுதினேன்? எழுதினவனைக் கேளுங்க" என்றார்.

எழுதினவன் என் தம்பி என்று நான் சொல்லவில்லை.

அடுப்பு இல்லை. அது எப்போதோ உருகி வேறு இரும்பாகியிருக்கும். புகைபோக்கி அடைத்துக் கிடக்கிறது. மின்சார அடுப்பு போட்டால் தெருவே இருட்டாகிவிடுகிறது. ஆலைக்காரர்கள் சூட்டை என்ன செய்வார்கள்? குளத்துக்குப் போன பழைய வழியை அடைத்துவிட்டதால் எங்கள் தெருச் சாக்கடையில் திறந்துவிடுகிறார்கள். வாசலில் ஆவி பறக்க ஓடுகிறது, உள்ளே தண்ணீர்ப் பானையில் பனி ஆடை கட்டுகிறது. ஆய்வாளர் அதையும் வந்து பார்த்துவிட்டு, "கழிவு இப்பதான் போக வேண்டிய இடத்துல போகுது" என்று எழுதிக்கொண்டு போனார். உன் சொல் பலித்துவிட்டது.

சீக்கிரம் ஏதாவது செய். உன் அத்தானுக்கு இருமல் திரும்பிவிட்டது.

அக்கா


டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அத்தானைக் கம்பளிக்குள்ளேயே வைத்திரு.

கோப்பு எழுப்பிவிட்டேன். சட்டத்தில் ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால் அதை ஏற்றுக்கொண்ட குழு மறுபடி கூட வேண்டும். குழுத் தலைவர் வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்தில் இருக்கிறார். போதாததற்கு அது செயலாளர் மேடையில் சொன்ன சொல். அதை மாற்று என்று யார் போய்ச் சொல்வது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஆனாலும் கோப்பு நகர்கிறது. நான் தினமும் அதன் பின்னாலேயே நடக்கிறேன்.

கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் தம்பி


டிசம்பர் 13

தம்பிக்கு,

உன் கோப்பு நலமா? நகர்கிறது என்று எழுதியிருந்தாய். எங்கள் வீட்டில் நகர முடியாதவர் ஒருவர் இருக்கிறார்.

தெருவில் எல்லோரும் சாக்கடை ஓரத்தில் உட்கார ஆரம்பித்துவிட்டோம். பலகை போட்டு, காலைத் தொங்கவிட்டு, தலையில் போர்வையோடு. தையல்காரி குழந்தையின் துணிகளை அந்த ஆவியில்தான் காய வைக்கிறாள்; காய்வதற்குப் பதில் நாறுகின்றன. உன் அத்தானையும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைத்தோம். முதல் நாள் சிரித்தார். "ராஜாவுக்குக்கூட வாசல்ல வெந்நீர் ஆறு ஓடினதில்ல" என்றார். ஆனால் ஈர ஆவி அந்த நெஞ்சுக்கு ஆகாது என்று மருத்துவர் வந்து கத்தினார். வெளியே உட்கார்ந்தால் ஈரம், உள்ளே படுத்தால் பனி. எதைத் தேர்ந்தெடுக்க என்று நீயே சொல்.

நேற்று மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்தவர் மறுபடி படுக்கவேயில்லை. நான் முதுகில் முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தேன், என் சூடாவது போகட்டும் என்று. எனக்குப் பயமாக இருக்கிறது. நீ சின்னவன், உன்னிடம் இதைச் சொல்லக் கூடாது. வேறு யாரிடம் சொல்ல?

அக்கா

கோப்புக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடு. — அத்தா


டிசம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் தன் பெயரின் கடைசி எழுத்தை எழுதாமல் விட்டிருந்ததைப் பார்த்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

தலைவர் திரும்பிவிட்டார், ஆனால் ஆண்டு இறுதி விடுமுறை. ஜனவரி இரண்டாம் வாரம் குழு கூடலாம் என்கிறார்கள். கூடினால் நிச்சயம் எடுப்பார்கள். நான் செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டேன் அக்கா, நம்பு.

இங்கே கிடைத்ததிலேயே கனமான கம்பளிப் போர்வை ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீலக் கரை போட்டது. அத்தானுக்குப் போர்த்திவிடு, நான் போர்த்தியதாகச் சொல்.

உன் தம்பி


ஜனவரி 9

தம்பிக்கு,

நீ நலமாக இரு.

போர்வை வந்தது. வந்த அன்றே போர்த்திவிட்டோம். நீ சொன்னபடியே, நீ போர்த்தியதாகச் சொல்லித்தான் போர்த்தினேன்.

இப்போது ஒரே அறையில் ஒடுங்கியிருக்கிறோம். ஜன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்தாயிற்று. இரவெல்லாம் மூச்சு இழுக்கிறது. பால் மட்டும்தான் இறங்குகிறது, அதுவும் பாதி வெளியே வந்துவிடுகிறது. மருத்துவர் அதே பாட்டைத்தான் பாடுகிறார்: மருந்து பாதி, சூடான அறை பாதி.

நேற்று பலகையில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. மேலாளருக்கும் ஆலை வக்கீலுக்கும் இணைப்புப் போட்டுக் கொடுத்தேன். இணைப்புப் போட்டதும் காதிலிருந்து எடுத்துவிடுகிறவள் நான், நேற்று எடுக்கவில்லை. வக்கீல் சொன்னார், "குழுவெல்லாம் எதுக்கு? பிழைதிருத்தச் சீட்டுன்னு ஒண்ணு இருக்கு. வரைவு எழுதின ஆளு, 'இந்தச் சொல் என் கவனக்குறைவால் வந்தது'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா மறுநாளே அரசிதழ்ல வந்துடும்."

"அப்ப ஏன் போடல?" என்று மேலாளர் கேட்டார்.

"போட்டா அவன் வேலை போயிடுமே. யாருங்க போடுவாங்க?" என்று வக்கீல் சிரித்தார்.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உனக்குத் தெரியாததாக இருக்காது. அங்கே குளிர் எப்படி?

அக்கா


ஜனவரி 21

தம்பிக்கு,

உன் கடிதம் வரவில்லை. தபால்காரர் எங்கள் வீட்டைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்கிறார், அவர் தப்பு செய்த மாதிரி.

நகங்கள் நீலமாகிவிட்டன. என் உள்ளங்கைக்குள் வைத்து ஊதி ஊதிப் பார்க்கிறேன். கொஞ்சம் சிவக்கிறது, ஊதுவதை நிறுத்தினால் மறுபடி நீலம். இப்படியே இன்னும் ஒரு வாரம் போனால் தாங்காது என்று மருத்துவர் வாசலில் நின்று சொன்னார். உள்ளே வந்து சொல்ல அவருக்கு மனமில்லை.

வாசலில் வெந்நீர் ஓடிக்கொண்டேயிருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு குளிரில் படுத்திருப்பதுதான் தாங்க முடியவில்லை.

உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 1

என் அக்காவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. இத்துடன் இருக்கும் அரசிதழ்த் தாளை முதலில் ஆய்வாளரிடம் காட்டு, பிறகு இதைப் படி.

சீட்டு விஷயம் எனக்கு டிசம்பர் தொடக்கத்திலேயே தெரியும். கோப்பு நகர்கிறது என்று எழுதினேனே, அந்த நாளிலேயே தெரியும். கையெழுத்துப் போட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயம். குழு கூடிவிடும், அதற்குள் ஒன்றும் ஆகாது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். குழு கூடியது. வேறு ஏதோ பேசிவிட்டுக் கலைந்தது. நீ நகத்தைப் பற்றி எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிரிவு அதிகாரி முன் போய் நின்றேன்.

"யோசிச்சுத்தான் எழுதறியா? இத்தனைக்கும் செயலாளருக்குப் புடிச்ச சொல்லு" என்றார்.

"தப்பான சொல்லு சார்" என்றேன்.

'கழிவு' என்பதை 'மீந்த' என்று படிக்கவும் என்று போட்டிருக்கிறார்கள். சொல் உன்னுடையது. கீழே என் பெயரும், கவனக்குறைவு என்ற வார்த்தையும் அச்சில் இருக்கின்றன. செயலாளர் என்னைக் கூப்பிடவேயில்லை. உத்தரவு மட்டும் வந்தது. வேலை போய்விட்டது. மாதக் கடைசிக்குள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று இன்னும் யோசிக்கவில்லை.

வருத்தமில்லை. அத்தான் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் வாங்கித் தந்த வேலை, அத்தானுக்காகவே போகட்டும். அரைப்புள்ளி கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டான் என்று சொல். பதிலில் கீழே அத்தான் ஒரு வரி எழுதட்டும். ஒரு எழுத்து குறைந்தாலும் பரவாயில்லை.

உன் தம்பி


பிப்ரவரி 9

என் தம்பிக்கு,

நலம் என்று எழுத வரவில்லை. இருக்கிறேன்.

ஆய்வாளர் உன் தாளை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். "மீந்ததுன்னா வீட்டுக்குள்ள வரலாம். மீந்ததுக்கு எங்க விதி இல்ல" என்று சொல்லி அவரே முத்திரையை அறுத்தார். நல்ல மனுஷன்தான், சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். அன்று மாலை சுவரில் டொக் டொக் என்று கேட்டது. தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் அழுதார்கள். நகம் சிவந்துவிட்டது. மூச்சு இப்போது சத்தமில்லாமல் வருகிறது. பிழைத்துக்கொள்ளும் என்று மருத்துவர் இந்த முறை உள்ளே வந்து சொன்னார்.

தையல்காரியின் பெண்ணைச் சொல்கிறேன் தம்பி. ஜனவரியிலிருந்து நான் உனக்கு எழுதியதெல்லாம் அவளைப் பற்றித்தான். தாயும் பிள்ளையும் என்னோடுதான் இருக்கிறார்கள்.

உன் அத்தான் ஜனவரி இரண்டாம் தேதி காலையில் என் முதுகில் சாய்ந்தபடியே போய்விட்டார். மத்தியானம் உன் பார்சல் வந்தது. நீலக் கரைப் போர்வையைப் போர்த்தித்தான் கொண்டுபோனோம். மச்சான் போர்த்தியது என்று அவர் காதில் சொன்னேன். தோள் கொடுக்க வேண்டியவன் நீ. தெருக்காரர்கள் கொடுத்தார்கள்.

நான் உனக்கு ஒரு பொய்யும் எழுதவில்லை. எடுத்துப் பார். ஜனவரிக் கடிதங்களில் 'உன் அத்தான்' எங்கேயும் இல்லை. மூச்சு இழுக்கிறது என்று எழுதினேன், யாருக்கு என்று எழுதவில்லை. சொல்லை எண்ணி எண்ணி வைக்கிற வேலை உன்னுடையது. நீ கண்டுபிடித்துவிடுவாயோ என்று ஒவ்வொரு முறையும் உறையை ஒட்டுமுன் திரும்பப் படித்துப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட மாட்டாயா என்றும் இருந்தது.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். போய்விட்டார் என்று எழுதியிருந்தால் அழுதிருப்பாய். விடுப்பு எடுத்து வந்து, என் மடியில் படுத்து இன்னும் அழுதிருப்பாய். திரும்பிப் போய், கோப்பு நகர்கிறது என்று எழுதியிருப்பாய். அழுதுவிட்டால் கடன் தீர்ந்துவிடுகிறது எல்லோருக்கும். போனவருக்காக யாரும் வேலையை விடுவதில்லை தம்பி. இருக்கிறவருக்காகத்தான் விடுவார்கள். அதனால் அவரை உனக்கு மட்டும் இன்னும் ஒரு மாதம் உயிரோடு வைத்திருந்தேன். எனக்கு அந்த மாதம் இல்லை. தாலி கட்டியவருக்கு வாய்விட்டு அழாமல், உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்மேல் கோபமும் இருந்தது. மறைக்கவில்லை. டிசம்பரிலேயே நீ அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம். அதை நீ இனி ஒவ்வொரு குளிர்காலத்திலும் நினைப்பாய்; நான் சொல்லிக் காட்டமாட்டேன். உன் வேலையைத் தின்றது நான்தான் என்று நானும் நினைப்பேன். நீ சொல்லிக் காட்டாதே. வந்து இரண்டு நாள் என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

குழாய் சுடவில்லை என்றால் உன் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வதாக அவர் எழுதியிருந்தாரே, உனக்கு இனி வீடு இல்லை. இங்கே குழாய் சுடுகிறது. அவர் கட்டிலைத் தட்டி, குழாய்ப் பக்கமாகச் சுவரோரம் போட்டிருக்கிறேன். வந்து படுத்துக்கொள்.

அக்கா